யாரைக் கொண்டு பிறந்தான் என்று கேட்பதற்கு முன்

வாசகர் கடிதம்: என் மகனுக்கு ஐந்து வயது. யு.கே.ஜி. படிக்கிறான். எட்டு மாதங்களாகப் பள்ளியிலிருந்து ஓயாமல் புகார் வருகிறது. உடன் படிக்கும் பிள்ளைகளைத் தள்ளுகிறான், அடிக்கிறான். இரண்டு முறை கடித்தும் விட்டான். அவன் சித்தப்பாவைக் கொண்டு பிறந்திருப்பதாக மாமியார் சொல்கிறார். சித்தப்பா சிறு வயதில் பெரிய முரடராம்; இப்போது அமைதியாகத்தான் குடும்பம் நடத்துகிறார். செல்போனில் பார்க்கும் கார்ட்டூன்தான் காரணம் என்கிறார் கணவர். சாக்லேட் தின்றால் வெறி பிடித்ததுபோல் ஆகிவிடுகிறான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் வேலைக்குப் போவதுதான் காரணமோ என்று எனக்குள் உறுத்தல். பத்து மாதங்களுக்கு முன் மகள் பிறந்தாள். ஆறு மாத விடுப்பு முடிந்து நான்கு மாதங்களாக அலுவலகம் போகிறேன்; பிள்ளைகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் புகார் வந்த அன்று கணவர் அவனை அடிக்கத் தொடங்கியிருக்கிறார். திருவாரூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குப் போனால் மட்டும் ஒரு வம்பும் செய்வதில்லை. இதில் எது உண்மையான காரணம்? இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருப்பார்கள்தானே? — பெயர் வெளியிட விரும்பாத தாய்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது பரம்பரை, செல்போன், சாக்லேட், உங்கள் வேலை என்று நான்கு குற்றவாளிகள் வரிசையாக நின்றார்கள். இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்த இரண்டு செய்திகளில் என் கண் நின்றது: தங்கை பிறந்து பத்து மாதம் ஆகிறது என்பது ஒன்று, தாத்தா வீட்டில் அவன் வம்பு செய்வதில்லை என்பது மற்றொன்று. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லும்போது அந்தத் தீர்ப்புகளே பெரிதாகத் தெரியும். கண்ணெதிரே இருக்கும் தடயங்கள் சிறிதாகிவிடும். ஆகவே அந்த நான்கு தீர்ப்புகளையும், அவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் எப்படி ஆராய்ந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, உங்கள் தடயங்களுக்கு வருகிறேன்.

உங்கள் உறுத்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத் தீர்க்க ஆராய்ச்சிகூடத் தேவையில்லை; நாட்காட்டியே போதும். புகார்கள் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அலுவலகம் திரும்பி நான்கு மாதம்தான் ஆகிறது. காரணம் என்பது விளைவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். நீங்கள் முழுநேரமும் வீட்டில் இருந்த மாதங்களிலேயே அவன் பிள்ளைகளைத் தள்ளத் தொடங்கிவிட்டான். இருந்தும் பழியை நீங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது; என்னிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1991-இல் பிறந்த 1,364 குழந்தைகளைப் பத்து ஊர்களில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, தாய் தவிர வேறொருவர் பராமரிப்பில் குழந்தை வளர்வதால் என்ன ஆகிறது என்று விரிவாக ஆராய்ந்தது. காப்பகங்களில் மிக நீண்ட நேரம் கழித்த குழந்தைகளிடம் அடங்காத நடத்தை சற்றே கூடுதலாகக் காணப்பட்டது உண்மைதான். ஆனால் குடும்பத்தின் தன்மையும், தாய் குழந்தையிடம் காட்டும் உணர்வுபூர்வமான கவனமும் அதைவிட வலுவாக நடத்தையோடு தொடர்பு கொண்டிருந்தன. அந்த ஊர்க் காப்பகமும் உங்கள் வீட்டில் பாட்டியின் பராமரிப்பும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஆய்வை உங்கள்மேல் குற்றம் சாட்ட யாரும் பயன்படுத்த முடியாது.

அடுத்து, சித்தப்பா. பரம்பரை என்று உங்கள் மாமியார் சொல்வதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஒரே கருமுட்டை பிரிந்து உருவான இரட்டையரையும், இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டு, முன்னவர் எந்த அளவுக்குக் கூடுதலாக ஒத்திருக்கிறார்கள் என்று அளப்பதுதான் இதை ஆராயும் பழைய வழி. அப்படி ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியிட்ட ஒரு பெரும் தொகுப்பு, சுமார் 1.45 கோடி இரட்டையர் இணைகளின் தகவல்களைக் கொண்டது. எல்லாப் பண்புகளுக்கும் சராசரியாக மரபின் பங்கு 49 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. இந்த எண்ணைத்தான் மக்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகனின் கோபத்தில் பாதி தாத்தா பாட்டி வழி வந்தது, மீதி வளர்ப்பில் வந்தது என்பது அதன் பொருள் அல்ல. ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

நீங்கள் டெல்டாப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கலப்பு விதை நெல்லை ஒரே வயலில் தூவி, ஒரே மாதிரி நீரும் உரமும் கொடுத்தால், பயிருக்குப் பயிர் தெரியும் உயர வேறுபாடு விதையினால் வந்தது என்று சொல்லிவிடலாம். அதே விதையில் ஒரு கைப்பிடியைத் தலைமடையிலும் ஒரு கைப்பிடியைக் கடைமடையிலும் தூவினால், இரண்டு வயல்களுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டுக்கு விதையைக் குறைசொல்ல முடியுமா? தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் மகனே அந்தச் சோதனையைத் தானாகச் செய்து காட்டியிருக்கிறான். அதே விதை உங்கள் வீட்டில் ஒரு மாதிரியும், திருவாரூர்ப் பக்கத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது.

இயல்பாகவே சில குழந்தைகள் எதற்கும் வேகமாகவும் பலமாகவும் எதிர்வினை காட்டுபவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் நியூயார்க்கில் 1956-இல் தொடங்கி 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். பசி, தூக்கம், புதியவரைக் கண்டதும் காட்டும் எதிர்வினை, அழுகையின் வலு என்று ஒன்பது கூறுகளில் குழந்தைகள் பிறவியிலேயே வேறுபடுவதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு பிறவிக் குணம்தான் எல்லாம் என்பதல்ல. குழந்தையின் இயல்புக்கும் சூழ்நிலை அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் இடையே உள்ள பொருத்தம்தான் பின்விளைவைத் தீர்மானிக்கிறது என்பது. முரடராக இருந்த சித்தப்பா இன்று அமைதியாகக் குடும்பம் நடத்துகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமியாரின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், அது நம்பிக்கை தரும் செய்தியாகத்தான் முடிகிறது.

இனி உங்கள் கணவரின் கட்சி. பார்ப்பதைக் குழந்தை செய்யுமா என்ற கேள்விக்குப் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி 1961-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஆறு வயதுக்குள்ளான 72 குழந்தைகள். 24 பேர் முன்னால் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து, உதைத்து, சுத்தியலால் தாக்கினார். நம் தஞ்சாவூர் பொம்மையைப் போல, தள்ளினால் சாய்ந்து மீண்டும் நிமிரும் பொம்மை அது. இன்னொரு 24 பேர் அமைதியாக வேறு விளையாட்டில் ஈடுபட்ட பெரியவரைப் பார்த்தார்கள். மீதி 24 பேர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் அழகான விளையாட்டுச் சாமான்களைக் காட்டி, விளையாட்டில் மூழ்கத் தொடங்கியதும் ‘இவை உனக்கில்லை’ என்று சொல்லி லேசாக எரிச்சலூட்டி, அந்தப் பொம்மை இருந்த அறைக்கு அழைத்துச் சென்றார்கள். ஒருபக்கக் கண்ணாடி வழியாக இருபது நிமிடம், ஐந்து நொடிக்கு ஒரு பதிவு வீதம், ஒவ்வொரு குழந்தைக்கும் 240 பதிவுகள் எடுத்தார்கள். அடித்த பெரியவரைப் பார்த்த குழந்தைகள், அவர் செய்த அதே அசைவுகளையும் சொன்ன அதே சொற்களையும்கூடத் திரும்பச் செய்தார்கள். 1963-இல் திரைப்படத்தில் காட்டியும், கார்ட்டூன் பூனை வேடமிட்டவரைக் கொண்டும் செய்து பார்த்தபோதும் அதுவே நடந்தது.

உங்கள் கணவர் இதைப் படித்தால் வென்றுவிட்டதாக நினைக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அது அடிப்பதற்கென்றே செய்த பொம்மை. பொம்மையை அடிப்பதும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கடிப்பதும் ஒன்றா என்ற கேள்வி அன்றிலிருந்து கேட்கப்பட்டு வருகிறது. பார்த்த சில நிமிடங்களில் அளந்தார்களே தவிர, மறுமாதம் என்ன ஆனது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, 1965-இல் பண்டூரா வெளியிட்ட ஆய்வில், அடித்தவர் திட்டு வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். பிறகு, ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருகிறோம்’ என்றதும், திட்டு வாங்கியதைப் பார்த்த குழந்தைகளும் மற்றவர்களுக்கு இணையாகச் செய்து காட்டினார்கள். கற்றுக்கொள்வது வேறு, கற்றதைச் செய்வது வேறு; செய்தால் என்ன கிடைக்கும் என்பதே பெரும்பாலும் செயலை வெளியே கொண்டுவருகிறது. உங்கள் மகன் அடிப்பதை எங்கே கற்றான் என்பதைவிட, அடித்தால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு உதவும் கேள்வி. அவனுக்கு விளையாட்டுச் சாமான் கிடைக்கிறதா, பிடிக்காத வேலையிலிருந்து விடுதலை கிடைக்கிறதா, ஒரு பெரியவரின் முழுக் கவனம் கிடைக்கிறதா?

செல்போனைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதிகம் பார்ப்பதால் முரண்டு பிடிக்கிறானா, அல்லது முரண்டு பிடிக்கும்போது அடக்குவதற்காகப் போனைக் கொடுப்பதால் அதிகம் பார்க்கிறானா? ரிச்சர்டு பெல் என்ற உளவியலாளர் 1968-லேயே, பெற்றோரின் செயல்தான் குழந்தையை வடிவமைக்கிறது என்று எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் பலவற்றைத் திருப்பியும் வாசிக்கலாம், குழந்தையின் செயல்தான் பெற்றோரை அப்படி நடக்க வைத்திருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். அமெரிக்காவின் ஒரேகானில் ஜெரால்டு பாட்டர்சன் குழுவினர் வீடுகளுக்கே சென்று உட்கார்ந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நொடிக்கு நொடி நடப்பதைப் பதிவு செய்தபோது, இரண்டு திசையும் சேர்ந்த ஒரு சுழலைக் கண்டார்கள். பிள்ளை கேட்கிறான், தாய் மறுக்கிறாள், பிள்ளை கத்துகிறான், தாய் குரலை உயர்த்துகிறாள், பிள்ளை பொருளை எறிகிறான், தாய் சோர்ந்து கொடுத்துவிடுகிறாள், வீடு அமைதியாகிறது. எறிந்தால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் அமைதி வரும் என்று தாயும், ஒருவரிடமிருந்து ஒருவர் அதே கணத்தில் கற்றுக்கொள்கிறார்கள். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. இந்தச் சுழல் உங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாக்லேட் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் அதில் ஒரு ஆய்வை விட்டுவிட மனமில்லை. சர்க்கரை கொடுத்தும், சர்க்கரை போலவே இனிக்கும் வேறு பொருளைக் கொடுத்தும், எது எது என்று யாருக்கும் தெரியாமல் செய்த சோதனைகளைத் தொகுத்து 1995-இல் ஆராய்ந்தபோது, சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ‘இனிப்பு தின்றால் என் மகன் அடங்க மாட்டான்’ என்று நம்பிய தாய்மார்களையும், ஐந்து முதல் ஏழு வயதுவரையான அவர்களுடைய மகன்களையும் அழைத்தார்கள். எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்புதான் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரு பகுதித் தாய்மாரிடம் மட்டும், மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் மகன்கள் கூடுதலாகத் துள்ளியதாக மதிப்பிட்டார்கள். அது மட்டுமல்ல, காணொளியில் பார்த்தபோது அவர்கள் மகன்களை அதிகம் ஒட்டியே நின்று கட்டுப்படுத்தினார்கள். குறைகூறும் போக்கும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. எதிர்பார்ப்பு பார்வையை மாற்றியதோடு, நடத்தும் விதத்தையும் மாற்றியது. பல் சொத்தைக்காகவும் சாப்பாட்டு வேளைக்காகவும் சாக்லேட்டைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் இந்த ஆய்வை நான் சொன்னது சாக்லேட்டுக்காக அல்ல, ‘சித்தப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான்’ என்ற வாக்கியத்துக்காக. அந்த வாக்கியத்தை நம்பும் கண், அவன் தள்ளிய ஒரு முறையை எண்ணிக்கொள்ளும். தங்கைக்குக் கிலுகிலுப்பை எடுத்துக் கொடுத்ததை எண்ணாது.

இப்போது தாத்தா வீடு. ஒரே குழந்தையைப் பற்றிப் பெற்றோர் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 119 ஆய்வுகளைத் திரட்டி 1987-இல் கணக்கிட்டார்கள். முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், தாயும் தந்தையும் போல ஒரே இடத்தில் குழந்தையைப் பார்ப்பவர்களுக்கு இடையே அது சராசரியாக 0.60, பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்களுக்கு இடையே 0.28 மட்டுமே. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இடத்துக்கு இடம் குழந்தை உண்மையிலேயே வேறு குழந்தையாக இருக்கிறது. ஆகவே உங்கள் அப்பா ‘என் பேரனைப் பற்றியா இப்படிச் சொல்கிறார்கள்’ என்று ஆசிரியையின்மேல் கோபப்பட்டால், இருவர் சொல்வதும் மெய்யே என்று அவரிடம் சொல்லுங்கள். அங்கே என்ன வேறாக இருக்கிறது என்பதை நீங்கள் எழுதி அனுப்பவில்லை. ஓட இடம் இருக்கிறதா, தூக்கம் கூடுதலா, சாப்பாடு நேரத்துக்கு வருகிறதா, அவனுக்கென்று ஒருவர் முழுநேரமும் இருக்கிறாரா, அங்கே போகும்போது கைக்குழந்தையை வேறு கைகள் வாங்கிக்கொள்வதால் நீங்கள் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை அழுத்திக் கேட்கிறேன்.

ஏனென்றால் தங்கை பிறந்து பத்து மாதம். புகார் தொடங்கி எட்டு மாதம். ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நாற்பது குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பும் பின்பும் வீட்டுக்குச் சென்று பார்த்தார்கள். நினைவிலிருந்து சொல்லச் சொல்லாமல், நடப்பதை நடக்கும்போதே பார்த்தார்கள் என்பதால் அந்த ஆய்வின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. தங்கையோ தம்பியோ வந்த பிறகு, மூத்த குழந்தையோடு தாய் சேர்ந்து விளையாடுவதும் பேசுவதும் குறைந்தன, கண்டிப்பது கூடியது. மூத்தவன் வேண்டுமென்றே செய்யும் சேட்டைகள், தாய் கைக்குழந்தையோடு இருக்கும் வேளைகளில் கூடின. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டன, சில ஒதுங்கின, சில அந்த நாட்களில்தான் பெரியவர்களாகி டம்ளரில் பால் குடிக்கக் கற்றுக்கொண்டன. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: ‘பாப்பா ஏன் அழுகிறாள், அவளுக்குப் பசிக்கிறதோ, நீ என்ன நினைக்கிறாய்’ என்று கைக்குழந்தையை ஓர் ஆளாகப் பாவித்து மூத்தவனோடு பேசிய வீடுகளில், பின்னாளில் உடன்பிறப்புகளுக்குள் இணக்கம் கூடுதலாக இருந்தது.

அந்தக் குழந்தைகள் உங்கள் மகனைவிடச் சிறியவர்கள். தங்கை பிறந்தபோது அவனுக்கு நான்கு வயது தாண்டிவிட்டது. ஆகவே தங்கைதான் காரணம் என்று ஐந்தாவதாக ஒரு தீர்ப்பை நான் எழுதிவிட மாட்டேன். அதே காலத்தில் வகுப்பில் புதிதாக யாரோ வந்திருக்கலாம், ஆசிரியை மாறியிருக்கலாம், இரவில் கைக்குழந்தையின் அழுகையால் அவன் தூக்கம் கெட்டிருக்கலாம். ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு பிள்ளையைப் பற்றி அறிய அந்தப் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, ‘முன்’, ‘செயல்’, ‘பின்’ என்று தலைப்பிடுங்கள். இரண்டு வாரங்கள் போதும். அவன் அடித்தாலோ எறிந்தாலோ, எத்தனை மணி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், அதற்கு இரண்டு நிமிடம் முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். நடுப்பத்தியில் ‘முரட்டுத்தனம் செய்தான்’ என்று எழுதாதீர்கள். ‘இரண்டு கையாலும் தோளில் தள்ளினான்’ என்று எழுதுங்கள். பண்டூரா குழுவினர் ஐந்து நொடிக்கு ஒரு பதிவு எடுத்தது இதற்குத்தான்: கண் கண்டதும் மனம் முடிவுகட்டியதும் கலந்துவிடக் கூடாது. அவர்கள் பதிவுகளில் ஒரு பகுதியை இரண்டு பேர் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டார்கள். நீங்களும் உங்கள் மாமியாரும் அப்படியே தனித்தனி நோட்டில் எழுதி, வார இறுதியில் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை மட்டும் கட்டாயமாகச் செய்யுங்கள்: வம்பில்லாமல் கழிந்த மணி நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரத்தில் எத்தனை முறை என்று தெரியாவிட்டால், ‘எப்போதும் அடிக்கிறான்’ என்ற சொல் மட்டும் மிஞ்சும். வகுப்பு ஆசிரியையிடமும், குற்றம் விசாரிக்கும் தொனி இல்லாமல், எந்தப் பாடவேளை, எந்த வரிசை, எந்தப் பிள்ளை என்று மட்டும் குறித்துத் தரும்படி கேளுங்கள். என்னிடம் வரும் நோட்டுகளில், ஒரு நாள் முழுதும் பரவியிருப்பதாக வீட்டார் நம்பிய நடத்தை, பகல் உணவுக்கு முந்தைய அரைமணி நேரத்திலோ வேனுக்கு வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்திலோ குவிந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படித் தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியது அந்த அரைமணி நேரத்தைத்தான், பையனின் குணத்தை அல்ல.

நோட்டு எழுதும் இரண்டு வாரங்களிலேயே தொடங்கிவிட வேண்டியது ஒன்று உண்டு. அலுவலகத்திலிருந்து வந்ததும் பதினைந்து நிமிடம், கைக்குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அவன் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் அவனோடு உட்காருங்கள். பாடம் கேட்காதீர்கள், பள்ளிப் புகாரைப் பேசாதீர்கள். அவன் அன்று அடித்திருந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள்.

நிறுத்த வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் கணவர் அன்பில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. புகாரைக் கேட்டுக் கேட்டு அவமானம் தாங்காமல் கை நீள்கிறது. ஆனால் சுமார் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆராய்ச்சியில், அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகவே காணப்பட்டன; அடிப்பதால் நன்மை விளைவதாக அதில் எதுவும் தெரியவில்லை. முரண்டு பிடிக்கும் பிள்ளைதானே அதிகம் அடி வாங்குவான் என்று நீங்கள் கேட்டால், அது மேலே சொன்ன பெல்லின் கேள்விதான், நியாயமான கேள்வி. யாரை அடிப்பது என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல ஆண்டுகள் சோதனை செய்வது நெறியாகாது. அதனால் ஆய்வாளர்கள் அதே குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, தொடக்கத்தில் இருந்த முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்த ஆய்வுகளிலும் அடி பின்னாளில் முரட்டுத்தனத்தைக் கூட்டுவதாகவே பெரும்பாலும் தெரிகிறது. பண்டூராவின் அறையில் பொம்மையை அடித்தவர் முன்பின் தெரியாத ஒருவர். உங்கள் வீட்டில் அடித்துக் காட்டுபவர் அப்பா. உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது வாசிக்கக் கொடுங்கள்.

அவர் ஆறுதல் கொள்ள இன்னொரு செய்தியும் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ரிச்சர்டு ட்ரெம்ப்ளே குழுவினர் குழந்தைகளை மிகச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்ந்தபோது, கை நீட்டுவது இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் உச்சத்தில் இருப்பதையும், அதன்பின் பெரும்பாலான குழந்தைகளிடம் படிப்படியாகக் குறைவதையும் கண்டார்கள். அடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாடத்தில் உங்கள் மகன் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான்.

மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் அவசியம். காது சரியாகக் கேட்காத பிள்ளை, பின்னாலிருந்து அழைத்ததைக் கேட்காமல் திட்டு வாங்கி, சொல்லால் பதில் சொல்ல முடியாமல் கையால் சொல்லும். குறட்டை விட்டு, தூக்கம் கெட்டு எழும் பிள்ளை நாள் முழுதும் எரிச்சலாக இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதுவும் எரிச்சலுக்கும் கவனக் குறைவுக்கும் ஒரு காரணம். ஒரு எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பேச்சு வயதுக்கேற்ப வராதிருந்தாலோ, வந்த பேச்சு குறைந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று நடுங்கினாலோ, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். உடனே குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இவன் பின்னாளில் என்ன ஆவானோ என்ற அச்சம் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் தம் குழுவினரோடு நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, தாயோ தந்தையோ தாத்தா பாட்டியோ, நிலையாகப் பற்றிக்கொள்ள ஒருவராவது இருந்தது. உங்கள் மகனுக்கு அந்தச் சுமைகள் இல்லை. திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். வாரம் இரண்டு மாலை அவர் அவனோடு வீடியோ காலில் பேசட்டும், முடிந்தால் சில நாட்கள் உங்கள் வீட்டில் வந்து தங்கட்டும். அவர் இங்கே இருக்கும் நாட்களையும் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா வந்ததால் மாறுகிறதா, கிராமத்து வெளியும் தூக்கமும்தான் மாற்றினவா என்பதை அந்தப் பக்கங்கள் ஓரளவு பிரித்துக் காட்டும்.

மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். அவன் காதில் விழும்படி சித்தப்பா பேச்சை எடுக்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் கணவர் மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது நோட்டையும் ஒரு பேனாவையும் நீங்களே அவர் கையில் கொடுங்கள். பள்ளி நேரம் போகப் பகலில் அவனைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நீங்கள் இல்லாத நேரத்தில் நடப்பதை எழுத அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு நோட்டுகளும் நிரம்பியபின் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம்.